கைமாறும்போது

கல்யாணப் பத்திரிகையின் தலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரை வரைந்தவர் யார் என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒரே பிள்ளையார்தான் அருள்பாலிக்கிறார். யாரோ ஒருவர் எங்கோ கோட்டுச் சித்திரமாகப் போட்டது சிடியில் ஏறி, பென்டிரைவுக்கு மாறி, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. காலண்டர் சாமிகளுக்காவது ஆளைக் காட்டலாம். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தார்கள், சிவகாசி அடித்தது, படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தது. பத்திரிகைப் பிள்ளையாருக்குக் கையெழுத்தும் கிடையாது. பெயர் தெரியாதவர் படைப்புக்கும் வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு என்கிறது நம் சட்டம். இந்தப் பிள்ளையார் எந்த வருஷம் வெளியானார் என்பதும் யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட அச்சுத் தொழிலில் மென்பொருளுக்கு மட்டும் ஊர்பேர் விசாரிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருபவர் கிளம்பும்போது, “எல்லாம் போட்டிருக்கேண்ணே” என்பார். அந்த எல்லாவற்றுக்குள்ளும் பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், கோரல் டிரா, ஆஃபிஸ், பாமினி முதலாக ஒரு மூட்டை எழுத்துரு அடக்கம். பில்லில் மவுஸ் பேடுக்குக்கூட ஒரு வரி இருக்கும், இவற்றுக்கு இருக்காது. மதுரையில் நான் கடை வைத்திருக்கும் தெருவில் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவது, நடைபாதைக்கு வாடகை கொடுப்பதைப் போல யாருக்கும் தோன்றாத காரியமாக இருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன்பின் அதைத் தயாரித்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆனாலும் தமிழ்நாட்டின் பாதி நோட்டீஸ்கள் இன்னும் அதில்தான் பிறக்கின்றனவோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தத் தூக்கத்தைக் கலைத்தது பக்கத்துக் கடைக்கு வந்த ஒரு வக்கீல் நோட்டீஸ். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். உங்கள் கடையில் எங்கள் மென்பொருள் உரிமம் இல்லாமல் ஓடுவதாகத் தெரிகிறது, கணக்குக் காட்டுங்கள் என்பது சாரம். தெருவே கூடிப் படித்தது. “சும்மா மிரட்டுவாங்க, கிழிச்சுப் போடுங்க” என்று சிலர். நான் ஆடிட்டரிடம் போனேன், அவர் ஒரு வக்கீலிடம் அனுப்பினார், அவர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 63பி பிரிவைக் காட்டினார். 1994இல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். “உங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாதுங்களே” என்றார் வக்கீல், மரியாதையாகத்தான்.

எல்லாவற்றையும் முறையாக வாங்கிவிடலாம் என்றால், ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்பை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் காலம் 2013இலேயே முடிந்துவிட்டது, அதன்பின் சந்தாதான். கல்யாண சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆடி மாதத்திலும், ஒவ்வொரு கணினிக்கும் கட்ட வேண்டும். விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றன. முன்மேசையில் இருக்கும் பழைய கணினிகள் அடுத்த பதிப்பை ஏற்கும் வயதைத் தாண்டியவை. ஆகவே யாரும் எடுத்து ஓட்டலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் பக்கம் நான் போனதற்குக் கொள்கை காரணமில்லை. கொள்கை பின்னால் வந்து சேர்ந்தது, அதுவும் அரைகுறையாக.

மாறுவதில் எனக்கு முன்னோடி என் கடையின் டிசைனர் பெண்தான். பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பார்த்தவர். சென்னை சிடாக் உருவாக்கியது அது. “இதெல்லாம் பார்த்ததுதான் சார், பட்டன் வேற இடத்துல இருக்கும், அவ்வளவுதான்” என்று அவர் சொன்ன தைரியத்தில் முன்மேசைக் கணினிகளில் லினக்ஸ் மின்ட் ஏறியது. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதைப் பத்திரிகைகளில் படித்து, இது சர்க்கார் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று அப்போது நினைத்தவர்களில் நானும் உண்டு. லெட்டர்பேடு, பில் புக், கொட்டேஷன் எல்லாம் இப்போது லிப்ரெஆஃபிஸில் நடக்கின்றன. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஓடுகிறது.

அச்சுக்குப் போகும் வேலைதான் கதை. ஃபோட்டோஷாப்புக்குப் பதிலாக வந்த கிம்ப் அடிப்படையில் திரைக்குரிய மூன்று நிறத்தில் வேலை செய்வது. எங்களுக்கு வேண்டியது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு கலர். இதில் படங்களைவிட எழுத்துதான் வம்பு. மூன்று நிறத்தில் இருக்கும் கறுப்பை மாற்றும்போது அது நாலு பிளேட்டிலும் பிரிந்து விழும். மெஷினில் ஒரு பிளேட் முடியளவு நகர்ந்தாலும் எட்டு பாயின்ட் தமிழ் எழுத்துக்குப் பின்னால் சிவப்பு நிழல் தெரியும். பேஜ்மேக்கரின் இடத்தில் பக்கம் கட்டும் ஸ்க்ரைபஸ் இதைச் சரியாகச் செய்கிறது. எழுத்தைக் கறுப்பு பிளேட்டில் மட்டும் நிறுத்தலாம், அச்சகத் தரத்தில் பிடிஎஃப் எடுக்கலாம். ஆனால் பழைய ஸ்க்ரைபஸுக்குத் தமிழ் ஓடாது. யூனிகோடில் ‘கெ’ என்பது ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர ஒரு தனி இயந்திரம் வேண்டும். அது இல்லாத நிரலில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். 1.5 வரிசையில் சோதனையாக வந்த அந்த வசதி, 2024இல் வந்த 1.6 பதிப்பில் நிலைபெற்றது. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பே ஆண்ட்ராய்டு போனிலும், ஃபயர்ஃபாக்ஸிலும், லிப்ரெஆஃபிஸிலும் உள்ளே உட்கார்ந்து தமிழைக் கோக்கிறது. யாரும் அதைத் தனியாக நிறுவுவதில்லை, பெயரும் கேட்பதில்லை. இன்னொரு பிள்ளையார்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளரும் வெளி டிசைனர்களும் கோரல் கோப்பாகத்தான் அனுப்புகிறார்கள். கோரலுக்கு மாற்றான இங்க்ஸ்கேப் அவற்றில் சிலதைத் திறக்கும், சிலதைக் குலைக்கும். ஆகவே ஒரு கணினியில் காசு கொடுத்து வாங்கிய கோரல் இருக்கிறது. கணக்குக்கு டாலி, அதுவும் காசு கொடுத்து. ஆடிட்டருக்கு அதுதான் கைவாகு. மும்பையில் ஒரு குடும்ப ஃபர்னிச்சர் தொழிலின் தேவையிலிருந்து கிளைத்த இஆர்பிநெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருளையும் பார்த்தேன். நல்ல சரக்கு. ஆனால் ஐந்து பேர் கடைக்கு அது யானை. மென்பொருளுக்குச் செலவழிப்பதில்லை என்ற விரதம் எனக்குக் கிடையாது. எதற்குச் செலவழிக்கிறேன் என்று தெரிந்தால் போதும்.

உரிமங்களைப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கட்டத்தில்தான். வக்கீல் நோட்டீஸ் ஒருமுறை பார்த்தவனுக்கு ‘நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பட்டனை அமுக்கும்போது விரல் தயங்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமத்தில் முக்கால்வாசி, நான் என்னென்ன செய்யக்கூடாது என்பதுதான். எத்தனை கணினி, யார் தொடலாம், உள்ளே பிரித்துப் பார்க்கக்கூடாது. வாடகை வீடு போல. ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்களில் எம்ஐடி உரிமம் மூன்றே சிறு பத்திதான். எடுத்துக்கொள், மாற்று, விற்று, என்ன வேண்டுமானாலும் செய், இந்த அறிவிப்பையும் என் பெயரையும் மட்டும் கூடவே வைத்திரு, கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே. ஜிபிஎல் நீளமானது, அதிலும் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒரே மூச்சில் படிக்கக்கூடியதல்ல. ஆனால் அதன் பிறப்புக் கதை அச்சுக்காரனுக்குப் பிடித்துப்போகும். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டருக்குச் செய்ததைப் போல, தாள் சிக்கினால் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகுமாறு நிரலைத் திருத்த நினைத்தார். மூலநிரல் கொடுக்கப்படவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அது இருக்கிறதென்று தெரிந்து போய்க் கேட்டால், யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் அதை வைத்திருந்தவர். 1983இல் க்னூ திட்டம், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 1989இல் முதல் ஜிபிஎல். தாள் சிக்கியதற்கு இவ்வளவு தூரம் போன ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் தெருவில் மெஷினை ஒரு உதை விடுவோம்.

படித்ததில் எனக்குக் கிடைத்த நிம்மதி ஒன்று உண்டு. இந்த உரிமங்கள், நான் கடைக்குள் என்ன செய்கிறேன் என்பதைக் கண்டுகொள்வதே இல்லை. எத்தனை கணினியிலும் போடலாம். லாபம் சம்பாதிக்கலாம். நிரலைத் திருத்தியும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிரலை வெறுமனே ஓட்டுவதற்கு இந்த உரிமத்தை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பே சொல்கிறது. கிம்ப்பில் செய்த படம், ஸ்க்ரைபஸில் கட்டிய புத்தகம், எல்லாம் செய்தவனுடையது. அவற்றின் மேல் அந்த உரிமத்துக்குப் பாத்தியதை கிடையாது. கேள்வி எழுவது நிரல் கைமாறும்போது. என்னிடமிருந்து அது இன்னொருவருக்குப் போகிற இடத்தில்தான் உரிமம் கண் விழிக்கிறது. கடைக்காரனுக்கு இது புரியாத கணக்கல்ல. சரக்கு குடோனில் இருக்கும்வரை ஒரு சட்டம், வண்டியேறினால் வேறு சட்டம்.

வாசலில் ‘இலவசம்’ என்று போட்டிருப்பதையெல்லாம் இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது என்பதும் அப்போது தெரிந்தது. தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் சில மென்பொருள்கள் வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். கடையில் ஓட்டினால் உரிமம் வாங்க வேண்டும். படங்களிலும் அப்படி. கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பிஸ்கட் பாக்கெட்டில் போட்டுவிட்டால், அந்தப் படம் வணிகத்துக்கு அல்ல என்ற வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். இதைவிட விசித்திரம், உரிமமே எழுதாமல் இணையத்தில் கிடக்கும் நிரல். கேட்பாரில்லை என்று தோன்றும். சட்டப்படி அதுதான் தொடக்கூடாதது. எழுதியவர் அனுமதி கொடுக்காதவரை எல்லா உரிமையும் அவருடையது.

ஓசியில் கொடுத்தவர் எந்த முகத்தோடு நிபந்தனை போடுவார், போட்டாலும் எந்தக் கோர்ட்டில் நிற்கும் என்று தெருவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அமெரிக்காவில் ஒருவர் நீதிமன்றத்திலேயே அதைக் கேட்டார். ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் அறிஞரும் நண்பர்களும் பொம்மை ரயில்களை ஓட்டுவதற்கான நிரலை எழுதிப் பொதுவில் வைத்திருந்தார்கள். அதே துறையில் வியாபாரம் செய்த மேத்யூ காட்சர் என்பவரின் நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்து, எழுதியவர்கள் பெயரையும் அறிவிப்பையும் விட்டுவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு கைமாறவில்லை என்பதால் நிபந்தனைக்குப் பலமில்லை என்றாகாது, மீறினால் அது பதிப்புரிமை மீறல்தான் என்றது. பொம்மை ரயிலுக்காக நடந்த வழக்கு உலகத்து மென்பொருள் வியாபாரம் முழுவதற்கும் வழி சொல்லிவிட்டது.

எங்கள் தொழிலில் நிஜமாகவே கைமாறுவது எழுத்துரு. மென்பொருள் திருட்டைப் பற்றிக் கூச்சப்படுகிறவர்கள்கூட எழுத்துருவைப் பற்றி யோசிப்பதில்லை. பதிப்பாளர் கேட்டால் பிடிஎஃபோடு எழுத்துருவையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அனுப்புவது வழக்கம். மரியாதை என்றே நினைத்தோம். விலைக்கு வாங்கிய எழுத்துருவாக இருந்தால் அது பெரும்பாலும் உரிம மீறல். இந்த இடத்தில் எனக்குப் பிடித்த உரிமம், எஸ்ஐஎல் அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம். ஓஎஃப்எல் என்பார்கள், இப்போதைய 1.1 பதிப்பு 2007இல் வந்தது. கேடமரான், முக்த மலர், பாலூ தம்பி, மீரா இனிமை, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம் என்று நல்ல தமிழ் எழுத்துகள் இதன்கீழ் கிடைக்கின்றன. புத்தகத்தில் பதிக்கலாம், கொடுக்கலாம், மாற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எழுதியவர் ஒரு பெயரைத் தனக்கென்று ஒதுக்கியிருந்தால், மாற்றிய எழுத்துருவுக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது. முக்கியமாக, அந்த எழுத்தில் அச்சான புத்தகத்தை உரிமம் தீண்டாது. இதை வெளிப்படையாகச் சொல்லாத உரிமங்களில் குழப்பம் உண்டு. வெறும் ஜிபிஎல்லில் வந்த எழுத்துருவை பிடிஎஃபுக்குள் பொதித்தால் ஆவணத்தின் கதி என்ன என்ற கேள்வி எழுந்து, எழுத்துருவுக்கென்று தனி விலக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்ல வேண்டிவந்தது.

இந்த உரிமத்தின் அருமை ஒரு மறுபதிப்பு வேலையில் தெரிந்தது. பழைய நூலொன்றை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தோற்றத்தில் கொண்டுவர வேண்டும் என்றார் ஒரு பதிப்பாளர். பிடிவாதக்காரர், ஆனால் ரசனைக்காரர். ணை, லை, ளை, னையில் துதிக்கை தூக்கிய பழைய வடிவம், ணா, றா, னாவில் சுழித்துக் கீழிறங்கும் கால். ஈய எழுத்துக் காலத்தில் இவற்றுக்குத் தனித்தனி அச்சு இருந்தது. என் அப்பாவின் கடையில் கம்பாசிட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். நாங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அவை இல்லை. விலைக்கு வாங்கியதாக இருந்தால் அதைத் திருத்துவதே பெரும்பாலும் உரிம மீறலாகியிருக்கும், தயாரித்தவருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். ஓஎஃப்எல் என்பதால் டிசைனர் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் அதைத் திறந்து, பழைய புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்தார். லை வந்துவிட்டது. ணை சாமானியத்தில் மசியவில்லை. துதிக்கை அடுத்த எழுத்தின் மேல் ஏறிக்கொண்டே இருந்தது, இடைவெளியைத் திருத்துவதற்குள் டிசைனருக்குக் கண் பூத்துவிட்டது. முடிந்ததும் வேறு பெயர் வைத்தோம். புத்தகம் வந்த பின் பதிப்பாளர், “அந்த எழுத்தை எனக்குக் கொடுங்க, அடுத்த புத்தகம் வேற இடத்துல அடிக்கப்போறேன்” என்று கூச்சமில்லாமல் கேட்டார். உரிமக் கோப்பையும் சேர்த்து அனுப்பிவைத்தேன். வரைந்த கூலி ஏற்கெனவே பில்லில் இருந்தது.

இதைவிடப் பெரிய கைமாற்றம் அக்கா மகன் மூலமாக வந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டை எங்களுக்கு ஜூன், ஜூலை மாத வேலை. பள்ளியிலிருந்து எக்ஸெல் பட்டியலும் மாணவர் புகைப்படங்களும் வரும். ஒவ்வொன்றாகப் பெயர், வகுப்பு, ரத்த வகை, படம் என்று ஒட்டி, பன்னிரண்டுக்குப் பதினெட்டுத் தாளில் 25 அட்டையாக அடுக்க வேண்டும். பட்டியலில் பத்தாம் வரிசை விட்டுப்போனால் பத்தாவது பிள்ளையின் முகம் பதினொன்றாவது பிள்ளையின் பெயருக்கு மேல் உட்காரும். பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன், பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். பட்டியலைக் காட்டினால் தாள் தாளாக பிடிஎஃப் கொட்டுகிறது. கடைக்குள் ஓடியவரை யாதொரு கேள்வியும் இல்லை.

விருதுநகரில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதை எனக்கு ஒரு விலை போட்டுக் குடுங்க” என்றார். பையனுக்கு முகமெல்லாம் பல். நான் அதற்குள் எதையெதைச் சேர்த்திருக்கிறாய், ஒரு தாளில் எழுது என்றேன். எழுதினான். படங்களைக் கையாளப் பில்லோ, தாராள உரிமம். தமிழைக் கோக்கப் பாங்கோ, எல்ஜிபிஎல். அதையும் நம் நிரலோடு சேர்த்து விற்கலாம், அந்த நூலகத்தின் உரிமத்தை மதித்து அதைத் தனியே மாற்றிக்கொள்ள வழிவிட்டால் போதும். பட்டனும் பெட்டியும் காட்டும் திரைக்குப் பைக்யூட். அது ஜிபிஎல், அதாவது விற்றால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் காசு. பிடிஎஃப் வேலைக்குப் பைமியூபிடிஎஃப். அது ஜிபிஎல்லைவிடக் கறாரான ஏஜிபிஎல், இல்லையென்றால் காசு.

கடைசிப் பெயர் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதன் பின்னால் இருப்பது ஆர்ட்டிஃபெக்ஸ். அச்சுத் தொழிலின் அடித்தளத்தில் கிடக்கும் கோஸ்ட்ஸ்க்ரிப்டும் அவர்களுடையதுதான். கொரியாவின் ஹான்காம் நிறுவனம் தன் எழுத்துச் செயலியில் கோஸ்ட்ஸ்க்ரிப்டைச் சேர்த்து விற்றது. காசு கொடுத்து உரிமமும் வாங்கவில்லை, மூலநிரலும் வெளியிடவில்லை. 2016இல் ஆர்ட்டிஃபெக்ஸ் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. தள்ளுபடி செய்யச் சொன்ன ஹான்காமின் மனுவை 2017இல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது, பிறகு சமரசம் ஆனது. மதுரைப் பையனின் அடையாள அட்டை நிரலைத் தேடி யாரும் கலிஃபோர்னியாவிலிருந்து வரப்போவதில்லை. வரமாட்டார்கள் என்ற கணக்கில்தான் எங்கள் தெரு இத்தனை காலம் ஓடியது என்பதும் ஞாபகம் இருந்தது.

மூன்று வழி இருந்தது. காசு கொடுத்து அந்த உரிமங்களை வாங்கலாம்; வரப்போகும் ஒற்றை விற்பனைக்கு அது கட்டாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, பைக்யூட்டுக்குப் பதில் எல்ஜிபிஎல்லில் கிடைக்கும் பைசைடு, பிடிஎஃபுக்கு வேறொன்று என்று மாற்றலாம். அல்லது முழு நிரலையும் ஏஜிபிஎல்லிலேயே விற்கலாம். விற்பதை எந்தக் கட்டற்ற உரிமமும் தடுக்கவில்லை என்பதைப் பையனுக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது.

“அப்ப மூலநிரலும் குடுக்கணுமா மாமா?”

“கேட்டா குடுக்கணும். நாம சேர்த்தே குடுத்துருவோம்.”

“அவர் அதை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா?”

“குடுக்கலாம். விக்கவும் செய்யலாம்.”

“அப்புறம் நமக்கு என்ன மிச்சம்?”

நல்ல கேள்வி, வியாபாரி வீட்டுப் பிள்ளை கேட்க வேண்டியது. ஆனால் விருதுநகருக்குப் போய் நிரலை நிறுவிய அன்றே விடை தெரிந்துவிட்டது. ஒரு பள்ளியின் அட்டை நீளவாக்கில், இன்னொன்று குறுக்குவாக்கில். ஒரு பள்ளி பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்கும். ஒரு பள்ளியின் எக்ஸெல் பட்டியல் பாமினியில் இருக்கும், அதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு பள்ளிக்கும் அச்சுவார்ப்பைக் கட்டித்தர ஆள் வேண்டும், ஜூன் மாதம் முழுக்கப் போனை எடுக்க ஆள் வேண்டும். நண்பர் காசு கொடுத்தது அதற்குத்தான். மூலநிரல் இருந்த ஃபோல்டரை அவர் திறந்ததாகத் தெரியவில்லை.

இதை வைத்துக் கட்டற்ற மென்பொருளில் எல்லோரும் சேவைக் கட்டணத்தில் செழிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மாறான படமும் கண்ணெதிரே இருக்கிறது. எல்லா உரிமங்களின் அடியிலும் பெரிய எழுத்தில் ஒரு பத்தி வரும், எந்த உத்தரவாதமும் இல்லை என்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்தது வெளிப்பட்டது. உலகத்து லினக்ஸ் கணினிகளுக்கெல்லாம் போகும் அந்த நிரலைப் பெரும்பாலும் ஒரே மனிதர் சம்பளமில்லாமல் பராமரித்துக்கொண்டிருந்தார். சோர்ந்திருந்த நேரத்தில் உதவிக்கு வந்ததுபோல நம்பிக்கையைப் பெற்றுத்தான் அந்த ஆசாமி உள்ளே நுழைந்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப்போய்க் கண்டுபிடித்தார். அரை நொடிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆள் இருந்ததால் தப்பித்தோம். உரிமம் எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் ஒன்றும் கொடுக்கவும் வேண்டாம் என்று தெரு நினைக்கிறது. நான் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும் கையோடு ஸ்க்ரைபஸுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பிவிடுகிறேன். சந்தாவுக்குப் போயிருக்க வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் அது வெட்கப்படும் அளவு சின்னத் தொகை. சிக்கல் வந்தால் தமிழில் கேட்க கணியம் மின்னிதழைச் சுற்றி இருக்கிறவர்கள் போன்ற ஆட்கள் உண்டு, அவர்களும் சம்பளத்துக்குச் செய்யவில்லை.

பையன் இப்போது வேலையில் சேர்ந்துவிட்டான். ஆனால் விடுவதாக இல்லை. அடையாள அட்டை நிரலை இணையத்தில் ஏற்றி, பள்ளிகளே பட்டியலையும் படங்களையும் போட்டு மாதிரி பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம் என்கிறான். இதுவரை சொன்ன கணக்குப்படி நிரல் என் சர்வரிலேயே இருப்பதால் அது கைமாறவில்லை. ஏஜிபிஎல் பிறந்ததே அந்த ஓட்டையை அடைக்கத்தான். மாற்றியோ இணைத்தோ செய்த நிரலை வலையமைப்பில் ஓட்டினால், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மூலநிரலைக் காட்ட வேண்டும். “ஒரு லிங்க் வெச்சா போச்சு மாமா, நாமதான் ஏற்கெனவே குடுக்கிறோமே” என்கிறான். அது சரி. எனக்கு இடிப்பது வேறொன்று. அந்த சர்வரில் வந்து உட்காரப்போவது ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் முகமும் பிறந்த தேதியும் ரத்த வகையும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழிருப்பவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதலை வாங்க வேண்டியது பள்ளியா, நானா? அதை ஆடிட்டரின் வக்கீலிடம் கேட்டு எழுத்தில் வாங்கும்வரை எக்ஸெல் பென்டிரைவில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.